குதிரைப் படம் போட்ட டின்

– அப்ப இது என்ன, ராஜலிங்கம்? வார்ட் கூட்டுற பொம்பிளை உம்மட கட்டிலுக்குக் கீழ இருந்து எடுத்துத் தந்தவ.

– வெறும் டின்னுங்க மிஸ்.

– வெறும் டின் எண்டு எனக்கும் தெரியுது. உள்ளுக்க இருந்தது எங்க போனது?

– லேசா தாகமா இருந்துச்சுங்க.

– லேசாத் தாகம்! ஒரு பை நிறைய டின். மகாவலியைக் குடிச்சாலும் அடங்காத தாகமாக்கும்.

– எல்லாம் ஒரே நாள்ல இல்லீங்க மிஸ். சத்தியமா.

– கையை நீட்டும். ரெண்டு கையையும். விரலை விரியும். நீரே பாரும், எப்பிடி நடுங்குதெண்டு. இந்தக் கையோடயோ லொறி ஓட்டினனீர்?

– ஸ்டீயரிங்கப் பிடிச்சிட்டா நடுங்காதுங்க.

– ஓம், ஸ்டீயரிங் நடுங்கியிருக்கும். நீர் கவனிச்சிருக்க மாட்டீர்.

– பத்மாதேவி மிஸ் கோவப்பட்டு நான் பாத்ததே இல்லீங்க.

– கோவம் வராதே? ஒரு கிழமையா உம்மட நாடியைப் பிடிச்சுக்கொண்டு நான் படுற பாடு! இரவில நல்லா இறங்குது. காலமை பெரிய டொக்டர் வாற நேரம் பாத்து நூற்றி முப்பதுக்கு ஏறுது. தைரொயிட்டுக்கு இரத்தம் எடுத்தது, நெஞ்சில வயர் பூட்டிப் பாத்தது, படிக்கிற பிள்ளையள் எல்லாம் வரிசையில நிண்டு குழாயை வைச்சு வைச்சுப் பாத்தது. பெரிய டொக்டர் அதுகளுக்கு என்ன சொன்னவர் தெரியுமே? இப்பிடி ஒரு கேஸ் அவர் கண்டதே இல்லையாம்.

– கேட்டேங்க. கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

– பெருமை! கொழும்புக்கு அனுப்பி, இதயத்துக்குள்ள வயர் விட்டுப் பாப்பம் எண்டு கதைச்சவை. அதையும் கேட்டனீரோ?

– உள்ளுக்குள்ளேயா? அதச் சிங்களத்துல வேகமாப் பேசுனாங்க மிஸ், சரியா வெளங்கல.

– விளங்கியிருந்தா டின்னை விட்டிருப்பீர், என்ன?

– யோசிச்சிருப்பேங்க.

– டொக்டரம்மா, கும்புடுறேங்க! நான் இவன் அக்கா, ரத்தினம்மா. ஹேவாஹெட்டையில இருந்து விடியக்காலையில பஸ் ஏறுனேன், இப்பத்தான் வந்து சேர்றேன். மூணு எடத்துல ஆமிக்காரங்க எறக்கி ஏத்துனாங்க சாமி. சோத்துப் பார்சலக்கூட பிரிச்சிக் கிளறிப் பாத்துட்டாங்க. கருவாட்டுக் கொழம்புக்குள்ள என்னாத்தத்தான் ஒளிச்சு வைக்கிறது?

– வாங்கோ ரத்தினம்மா. நல்ல நேரத்துக்குத்தான் வந்தனீங்கள். இந்தக் கதிரையில இருங்கோ.

– தம்பிக்கு எப்புடிங்க இருக்கு? முகம் என்னாங்க இப்புடி வத்திப்போச்சு? டேய், சாப்புடுறியா இல்லியா?

– சாப்புடுறேன்க்கா.

– உங்கட தம்பிக்கு என்ன வருத்தம் எண்டு இண்டைக்குத்தான் கண்டுபிடிச்சனான்.

– என் சாமி! என்னா நோயிங்க? நெஞ்சுலயா? எங்க அப்பாவும் நெஞ்சுலதான் போனாருங்க.

– பயப்பிடாதேங்கோ. இதுதான் வருத்தம். இந்த டின்.

– இதுவா? குதிரைப் படம் போட்ட டின்னு! இது சத்துத் தண்ணியாச்சே. நானே வர்ற வழியில ரெண்டு வாங்கியாந்திருக்கேன். இந்தாங்க, நீங்களும் ஒண்ணு குடிங்க டொக்டரம்மா, வாடிப்போய் இருக்கீங்க.

– ரத்தினம்மா!

– என்னாங்க?

– அதை உள்ளுக்க வையுங்கோ. இஞ்ச நான் நஞ்சு நஞ்செண்டு கத்திக்கொண்டு நிக்கிறன், நீங்கள் பையைத் திறந்து பரிமாறுறியள்.

– நஞ்சா? வாசல்ல நிக்கிற ஆமிக்காரன்கூட ஒண்ணும் சொல்லலீங்களே. டின்னத் திருப்பித் திருப்பிப் பாத்தான். குதிரையின்னு தெரிஞ்சதும் விட்டுட்டான். வேற எதாச்சும் மிருகம் போட்டிருந்தா இன்னேரம் என்னையும் உள்ள வச்சிருப்பான்.

– அக்கா, மெதுவாப் பேசு.

– மெதுவாத்தான் பேசுறேன். மிருகம்னுதானே சொன்னேன், என்னா மிருகம்னு சொன்னனா?

– ரத்தினம்மா, உங்களைக் கேக்கிறன். ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பாக்கப் போறதெண்டா தோடம்பழம் கொண்டு போவினம், மாரி பிஸ்கட் கொண்டு போவினம். இதை ஆர் பழக்கினது?

– இப்ப எல்லாரும் இதத்தானுங்க கொண்டு போறாங்க. தோடம்பழம் கொண்டு போனா, அம்புட்டுத்தானான்னு பாக்குறாங்க. டின்னு கொண்டு போனாத்தான் மரியாதை. இவன் வேலை செய்யிற வெளக்குக் கடையில இருந்து வந்தவங்க எல்லாரும் ஆளுக்கு ரெண்டு கொண்டாந்தாங்களாம். போன மாசம் எங்க லயத்துல புள்ள பெத்தவளுக்குக்கூட நாங்க டின்னுதான் கொண்டு போனோம்.

– கடவுளே! பால் குடுக்கிற தாய்க்கோ? குடிச்சவவோ?

– குடிச்சாளே. அன்னைக்கு ராத்திரி தாயும் தூங்கல, புள்ளையும் தூங்கல, சுத்தி இருந்த ஆறு வீட்டுக்காரங்களும் தூங்கல.

– எப்பிடி நித்திரை வரும்? ஒரு பெரிய டின்னுக்குள்ள ரெண்டு கோப்பைக் கடுங்கோப்பிச் சரக்கு இருக்கு. அதோட அள்ளி அள்ளிக் கொட்டின சீனி. தாய் குடிச்சா பாலுக்குள்ளயும் இறங்கும்.

– எங்க மாமியா மூக்காயிக்கு அது தெரியலீங்களே! வெயிலுக்கு நல்லதுன்னு ஒரு டின்ன ஒரே மூச்சுல குடிச்சிட்டு மலைக்குப் போனா. அன்னைக்குத் தேயிலக் கொழுந்து எடுத்தா பாருங்க, கணக்கப்புள்ள நம்பாம தராசத் தட்டித் தட்டிப் பாத்தாரு. வீட்டுக்கு வந்தும் நிக்கல. எங்க வாசலக் கூட்டுனா, அடுத்த வீட்டு வாசலக் கூட்டுனா, மாரியம்மன் கோயில் வரைக்கும் கூட்டிக்கிட்டே போயிட்டா. அப்பறம் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தா. ரெண்டு நாள் வயிறு எரியுதுன்னு கெடந்தா. வாய் மட்டும் ஓயவே இல்ல.

– சிரிக்கிறீர் என்ன, ராஜலிங்கம்? உம்மட கதையும் அதுதான். பாருங்கோ ரத்தினம்மா, இது சத்தில்லை. களைச்சுப்போன குதிரைக்குச் சவுக்கால ரெண்டு போட்டா ஓடும்தான். அது புல்லுப் போட்டதாகுமோ? முதல்ல நித்திரை போகும். பிறகு கை நடுங்கும், வயிறு எரியும், பிரஷர் ஏறும், நெஞ்சு படபடக்கும். அதுக்கு மேலயும் ஊத்தினா இதயம் தாளம் தப்பும். தாளம் தப்பினா இளந்தாரி, கிழவன் எண்டு பாக்காது. அதோட ஆள் முடிஞ்சுது.

– டேய், கேட்டியாடா? இளந்தாரின்னு பாக்காதாம்.

– கேட்டேன்க்கா.

– ஏன்டா இதக் குடிக்கப் பழகுன? நம்ம வீட்டுல யாரு இதெல்லாம் குடிச்சா?

– லொறி ஓட்டத்துக்குத்தான்க்கா. வவுனியாவுக்குக் குத்துவெளக்கு ஏத்திட்டுப் போறோம்ல. ஒவ்வொரு தடுப்புலயும் லோட எறக்கி, ஒவ்வொரு வெளக்கையும் கழட்டிக் காட்டி, திரும்ப ஏத்தணும். ரெண்டு நாள், மூணு நாள் கண்ண மூட முடியாது. லொறியில கூட வர்ற கறுப்பையா அண்ணந்தான் ஒரு டின்ன ஒடச்சுக் குடுத்தாரு. மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. போன வாரம் கடை வாசல்ல லொறிய நிறுத்திட்டு எறங்குனேன். நெஞ்சு எகிறி வெளிய வந்துரும்போல ஆயிருச்சு. அப்புடியே உக்காந்துட்டேன்.

– அது உண்மையான வருத்தம். அதை நான் குறை சொல்லேல்லை. ஆனா இஞ்ச வந்து ரெண்டு நாளில எல்லாம் அடங்கிட்டுது. நாலாம் நாள் காலமை திரும்ப ஏறினதுதான் எனக்கு விளங்கேல்லை. இப்ப விளங்குது. வந்தவை தந்ததை எல்லாம் ஒளிச்சு வைச்சுக் குடிச்சிருக்கிறீர்.

– கறுப்பையா அண்ணன் ஏன்டா பாக்க வரல? கூடப் பொறந்தவன் மாதிரி இருப்பாரே.

– அவரு ஊருக்குப் போயிருக்காருக்கா.

– சரி, கதை போதும். உடுப்பை மாத்தும். டிக்கட் வெட்டியாச்சு.

– டிக்கட் வெட்டியாச்சா? வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா மிஸ்?

– ஓம். வருத்தம் என்னெண்டு தெரிஞ்சிட்டுது, மருந்து எண்டா டின்னைக் குடிக்காமல் விடுறதுதான். அதுக்கு என்னத்துக்குக் கட்டில்? ரெண்டு பேர் நிலத்தில பாய் போட்டுப் படுத்திருக்கினம், பாத்தனீர்தானே?

– நான் நிலத்துல படுத்துக்கிறேங்க மிஸ். கட்டில அவங்களுக்குக் குடுங்க.

– இதென்ன புதுக்கதை?

– இன்னும் ரெண்டு நாள் பாருங்க மிஸ். நாடி இன்னும் ஓடுது, பிடிச்சுப் பாருங்க.

– ஓடும். காலமை ஊத்தினது இப்பவும் உள்ளுக்க ஓடுது. பின்னேரத்துக்கு அடங்கும்.

– பெரிய டொக்டர் கையெழுத்து வைக்கணும்ல?

– அவர் இண்டைக்கு வரேல்லை. நான் வைச்சாச் செல்லும்.

– நல்லதாப் போச்சு சாமி! டேய், எந்திரிடா. டொக்டரம்மா, உங்க வாயில சக்கரையப் போடணும். வர்ற வெள்ளிக்கிழமை இவனுக்குப் பரிசம் போடுறோமுங்க. பொண்ணு தெல்தோட்டை, அழகம்மான்னு பேரு, தையல் படிச்ச புள்ள. மாப்புள்ள நெஞ்சு நோயின்னு ஆஸ்பத்திரியில கெடக்குறான்னு தெரிஞ்சா பொண்ணு வீட்டுல என்னா நெனைப்பாங்க? வயித்துக் கடுப்புன்னு சொல்லி வச்சிருக்கேன்.

– பரிசத்தைத் தள்ளி வையுங்கோ.

– என்னாங்க?

– ஹேவாஹெட்டைக்கு இப்ப போகக்கூடாது. அங்க ஏத்தமும் இறக்கமும். இந்த நெஞ்சோட மலை ஏற ஏலாது. சமதரையில ரெண்டு மூண்டு கிழமை இருக்கோணும். கீழ்நாட்டுப் பக்கம் உங்கட ஆக்கள் ஆரும் இல்லையோ?

– எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி சிலாபத்துல இருக்குங்க. கோயில் பக்கத்துல.

– அது நல்லது. சமதரை, கடற்காத்து. இண்டைக்கே அங்க கூட்டிக்கொண்டு போங்கோ.

– சிலாபத்துக்கா! டொக்டரம்மா, வெள்ளிக்கிழமைக்கு ஆட்டுக்குச் சொல்லி வச்சாச்சு, மேளத்துக்குச் சொல்லி வச்சாச்சு. மாப்புள்ளைய நான் சிலாபத்துல கொண்டு போயி வச்சிட்டு, ஆட்டுக்கா பரிசம் போடுறது?

– ஆடு நிக்கட்டும். அதுக்கும் கொஞ்ச நாள் ஆயுசு கிடைச்ச மாதிரி இருக்கும்.

– இப்பத்தானுங்க மருந்து வேணாம், டின்ன விட்டாப் போதும்னீங்க. இப்ப மலை ஏறக்கூடாது, கடக்காத்து வேணும்கிறீங்க. நோய் இருக்கா, இல்லியா?

– இருக்கு. இல்லாமலும் இருக்கு. நான் சொல்லுறதைக் கேளுங்கோவன். கேளும் ராஜலிங்கம், ஒவ்வொண்டாச் சொல்லுறன். டின் தொடக்கூடாது. தேத்தண்ணியும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். நாளைக்குத் தலையிடி வரும். அது டின்னை விட்டதால வாறது, பயப்பிடாதேயும். தண்ணி குடியும், கஞ்சி குடியும், நித்திரையைக் கொள்ளும். இந்தாரும், நெஞ்சு பதறினா இந்தக் குளிசையில ஒண்டு.

– குளிசைய நீங்களே கொண்டாந்துட்டீங்களா? வரிசையில நின்னு வாங்கணும்னு சொல்வாங்களே.

– வரிசை நீளம். அதுதான் எடுத்துக்கொண்டு வந்தனான். அடுத்தது, உம்மட போனை நிப்பாட்டும்.

– போனு எதுக்குங்க?

– மணி அடிக்கும், நெஞ்சு திடுக்கிடும். இந்த வருத்தத்துக்குத் திடுக்கிடக்கூடாது. ரெண்டு கிழமைக்குத் திறக்கவே வேண்டாம்.

– அழகம்மா போன்ல பேசுவாளேங்க, பாவம்.

– அக்கா, நீ சும்மா இருக்கா.

– குண்டசாலையில இருக்கிற உம்மட போர்டிங்குக்கும் போகாதேயும். அந்த அறைக்குள்ள நிறைய டின் இருக்கும், கண்டா மனம் கேக்காது. நேர சிலாபம்.

– எஞ் சட்டை துணியெல்லாம் அங்கதான் இருக்கு மிஸ்.

– சிலாபத்தில வாங்கும். உம்மட கட்டிலடியில தொங்குற சிவப்புச் சேட்டும் வேண்டாம். நான் ஒண்டு கொண்டு வந்தனான், என்ர தம்பியின்ர. கொஞ்சம் பெரிசு, பரவாயில்லை.

– மிஸ், எனக்குச் சட்டை எதுக்குங்க?

– சிவப்பு நெஞ்சுக்குச் சரியில்லை.

– சிவப்புமா! டேய், நான் சொல்லல? எங்க பூசாரியும் இதையேதான் சொன்னாரு. டொக்டரம்மாவுக்கு எல்லாம் தெரியுதுடா.

– வார்ட்டில வேலை செய்யிற றம்ஸியாவின்ர புருசன் த்ரீவீலர் வைச்சிருக்கிறார். பின்னால, குசினிப் பக்கத்து கேட்டடியில நிக்கிறார். அதில ஏறி குருணாகல் றோட்டு வரைக்கும் போங்கோ. அங்க இருந்து பஸ் எடுக்கலாம்.

– என்னாத்துக்குங்க த்ரீவீலர்? முன்னால எறங்குனா பஸ் ஸ்டாண்டு. நடந்தே போறோம்.

– பாக்க வாற சனம் எல்லாம் முன் கேட்டால வருது. நெரிசல். நெஞ்சு வருத்தக்காரனை இடிச்சுத் தள்ளிப்போடுவினம்.

– மிஸ், நான் போகலீங்க.

– என்ன?

– எங்கயும் போகல. சிலாபத்துக்கும் போகல, ஹேவாஹெட்டைக்கும் போகல. இங்கயே இருக்கேன்.

– ராஜலிங்கம், எனக்குக் கத்த விருப்பமில்லை. எழும்பும்.

– ஆஸ்பத்திரிச் சோறு அம்புட்டு ருசியாடா உனக்கு? எனக்கு இப்பத்தான் வெளங்குது. டொக்டரம்மா, இவன் கல்யாணத்துக்குப் பயந்துக்கிட்டு டின்னக் குடிச்சிருக்கான்! பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே தலையக் குனிஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தான். அழகம்மாவுக்கு என்னாடா கொறைச்சல்? கொஞ்சம் கறுப்பு. நீ என்னா, வெள்ளைக்காரத் தொரையா?

– அப்புடியெல்லாம் இல்லக்கா.

– வேற எவளாச்சும் இருக்காளா? இங்க நர்சு கிர்சுன்னு?

– அக்கா! அழகம்மாவ எனக்குப் பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்குன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு, அதான் குனிஞ்சிக்கிட்டு இருந்தேன். போதுமா?

– அப்ப ஏன்டா வர மாட்டேங்கிற? நம்ம மாரியம்மன் மேல சத்தியமாச் சொல்லு.

– சொன்னா நீ அழுவ.

– சொல்லாட்டி அடிப்பேன். சொல்லு.

– கறுப்பையா அண்ணன் ஊருக்குப் போகலக்கா.

– பின்ன?

– கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் இங்க வந்த மறுநாள், நாங்க தங்கியிருக்கிற போர்டிங்குக்கு ரெண்டு பேர் வந்திருக்காங்க. சாதாரண உடுப்புல. ஒரு கையெழுத்து மட்டும் வைக்கணும், அரை மணி நேரத்துல வந்துரலாம்னு சொல்லி, இடுப்புல கட்டியிருந்த சாரத்தோட கூட்டிட்டுப் போயிருக்காங்க. வரல. இன்னும் வரல.

– என் சாமி... அவரு என்னாடா பண்ணுனாரு? எறும்பக்கூட மிதிக்க மாட்டாரே.

– போன ஓட்டத்துல ஒரு தடுப்புல கேட்டாங்கக்கா, இவ்வளவு பித்தளை எதுக்கு அந்தப் பக்கம் போகுதுன்னு. சண்டை நடக்குற எடத்துல யாரு குத்துவெளக்கு வாங்குறா, உருக்கித் தோட்டா செய்றாங்களான்னு. அண்ணன் சிரிச்சிட்டாரு. அங்கயும் சாமி கும்புடுறாங்க, கல்யாணம் நடக்குது, வெளக்கு வேணுங்கன்னாரு. அவரு சிரிச்சதுதான் தப்பாப் போச்சு. ரெண்டு பேரோட பேரையும் எழுதிக்கிட்டாங்க.

– ரெண்டு பேருன்னா, உன் பேருமாடா?

– ஆமாக்கா. போர்டிங் வீட்டுக்கார மாத்தயா நல்ல மனுசன். மூணாம் நாள் இங்க வந்து என்கிட்ட ரகசியமாச் சொல்லிட்டுப் போனாரு. மறுபடி வந்தாங்களாம், மத்தவன் எங்கன்னு கேட்டாங்களாம். தெரியாதுன்னு சொன்னாராம். அன்னைக்கு நெஞ்சு அடங்கிருச்சு மிஸ். நீங்ககூடச் சிரிச்சிக்கிட்டு, நாளைக்கு டிக்கட் வெட்டலாம்னீங்க.

– ஓம். சொன்னனான்.

– அன்னைக்குத்தான் குடிக்க ஆரம்பிச்சேன். அது வரைக்கும் வந்த டின்னெல்லாம் அப்புடியேதான் கெடந்துச்சு. காலையில பெரிய டொக்டர் வர்றதுக்கு முன்னால கக்கூசுக்குப் போயி ரெண்டு டின், அவசரமா இருந்தா மூணு. குடிக்கிறப்போ செத்துருவனோன்னு பயமா இருக்கும். வெளிய போனாலும் அதே பயம். இங்க செத்தா அக்காகிட்ட ஒடம்பையாவது குடுப்பாங்கன்னு நெனைச்சேன். இங்க ஆளுங்க இருக்காங்க, பேரு எழுதி வச்சிருக்கு, நீங்க இருக்கீங்க. இங்க வந்து யாரும் கட்டில்ல இருந்து தூக்க மாட்டாங்க. எனக்குப் பயமா இருக்குக்கா. ரொம்பப் பயமா இருக்கு.

– அழாதடா. என் ராசா, அழாதடா. டொக்டரம்மா, கேட்டீங்களா? இவன வெளிய விட்டுறாதீங்க. நான் தெரியாமப் பேசிட்டேன். பரிசமும் வேணாம், ஒண்ணும் வேணாம். இங்கயே இருக்கட்டும். இந்தா, இந்த ரெண்டு டின்னையும் வச்சுக்கடா. நாளைக்கு இன்னும் வாங்கியாறேன்.

– ரத்தினம்மா, அதை அவரிட்டக் குடாதேங்கோ.

– நீங்கதானுங்க சொன்னீங்க, குடிச்சா நெஞ்சு ஓடும்னு. ஓடட்டும். கொழும்புக்கு அனுப்பி உள்ளுக்குள்ள வயர வேணும்னாலும் விட்டுப் பாக்கட்டும். உசிரோட இருந்தாப் போதும்.

– இனிக் குடிச்சா உயிர் தங்காது. இஞ்ச இருக்கவும் ஏலாது. எழும்பும் ராஜலிங்கம், சேட்டைப் போடும்.

– மிஸ், உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்.

– அதெல்லாம் வேண்டாம். சேட்டைப் போடும்.

– என்னாங்க டொக்டரம்மா, இவ்வளவு கேட்டும் வெளிய போங்கிறீங்க? நீங்களும் தமிழ்தானுங்களே! யாழ்ப்பாணத்துல உங்க ஆளுங்களும் எம்புட்டுப் பட்டிருப்பீங்க! எந் தம்பி ஒரு மூலையில பாயில கெடந்தா உங்களுக்கு என்னாங்க கொறைஞ்சு போகும்? மனசு கல்லாங்க?

– கத்தாதேங்கோ, ரத்தினம்மா. மெல்ல. உங்கட தம்பியின்ர நெஞ்சு இன்னும் பதறும் எண்டுதான் இவ்வளவு நேரமும் சொல்லாமல் விட்டனான். ராஜலிங்கம், கிட்ட வாரும். அந்த ரெண்டு பேரும் இண்டைக்குக் காலமை என்னட்ட வந்தவை. நல்ல மரியாதையாக் கதைச்சவை. உமக்கு எப்ப டிக்கட் வெட்டுவியள் எண்டு கேட்டவை. நாளைக்கு எண்டு சொன்னனான்.